மெலிந்த பைனும் அடர்ந்த பைனும் ஒரே நீரழுத்த அளவைக் காட்டுகின்றன. எங்கே பிழை?

பசுங்கவிகை கேட்டது:

வணக்கம். ஸ்காட்ஸ் பைன் காடு ஒன்றில் வறட்சி அழுத்தம் பற்றி முதுநிலை ஆய்வேட்டுக்காக அளந்து வருகிறேன். மரங்களுக்கு ஏறத்தாழ எழுபது வயது, உயரம் 16 முதல் 19 மீட்டர். பக்கத்துப் பக்கத்து மரங்களிலேயே ஒன்றின் கவிகை பாதிக்கு மேல் மெலிந்து வானம் தெரிகிறது, இன்னொன்று அடர்ந்து நிற்கிறது. மூன்று திட்டுகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் மெலிந்தவை ஐந்து, அடர்ந்தவை ஐந்து என எடுத்துக்கொண்டேன்.

கோடையில் பிரஷர் சேம்பர் (வெட்டிய கிளையில் அழுத்தம் ஏற்றி, மரத்துக்குள் நீர் எவ்வளவு இறுக்கமாக இழுபடுகிறது என்று அளக்கும் கருவி; மதிப்பு தாழத் தாழ நீர்ப்பற்றாக்குறை அதிகம்) காட்டியது இது. விடியலுக்கு முன் இரு வகையிலும் −0.5 முதல் −0.6 மெகாபாஸ்கல். நண்பகலில் இரு வகையிலும் −1.5 முதல் −1.6. குளோரோஃபில் ஒளிர்வில் எஃப்வி/எஃப்எம் விகிதம் (இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பு எவ்வளவு நலம் என்பதன் குறியீடு) எல்லா மரத்திலும் 0.78க்கும் 0.81க்கும் இடையில். வரைபடத்தில் போட்டால் இரண்டு குழுவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கிளைகளை நீள்கம்பு வெட்டிக்கு எட்டிய உயரத்தில், அதாவது கவிகையின் அடிப்பகுதியில் வெட்டினேன்.

அளவீட்டில் பிழையா, அல்லது வறட்சி என்ற கருதுகோளையே கைவிட வேண்டுமா? சேம்பர், ஒளிர்வுமானி, இன்கிரிமென்ட் போரர் (தண்டிலிருந்து ‘கோர்’ என்ற மெல்லிய கட்டைக் குச்சியை எடுக்கும் துளைப்பான்) கையில் இருக்கின்றன. கிரானியர் சாறோட்ட ஊசிகள் (தண்டில் நீர் ஏறும் வேகத்தை வெப்பத்தால் அளப்பவை) எட்டு ஜோடி இரவல் கிடைக்கும். இன்னும் ஒரு வளர்பருவம்தான் மிச்சம்.

சைலம்:

எண்கள் அபத்தமாக இல்லை. ஸ்காட்ஸ் பைன் இலைத்துளைகளைச் சீக்கிரம் மூடும் இனம். நண்பகல் மதிப்பு −1.5 பக்கம் வந்ததும் மூடிக்கொண்டு, அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆகவே நண்பகல் அளவில் நீங்கள் பார்ப்பது அந்த இனத்தின் குணம். தனி மரத்தின் பாடு அதில் தெரியாது. ஜூனிப்பராக இருந்தால் −4, −5 என்று இறங்கிக்கொண்டே போயிருக்கும், அங்கே நண்பகல் அளவே போதும்.

அதைவிட முக்கியமான விஷயம்: மெலிந்த மரத்தில் நீங்கள் அளந்தது உதிராமல் தப்பிய ஊசியிலைகளை. வேரிலிருந்து வரும் நீர் பாதியாகக் குறைந்த மரம் ஊசியிலையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டால், மிச்சமுள்ள ஒவ்வொரு ஊசிக்கும் பழைய பங்கு கிடைத்துவிடும். பிறகு ஊசியை எத்தனை முறை அளந்தாலும் நலமாகத்தான் தெரியும். இழப்பு முழு மரத்தின் கணக்கில் இருக்கிறது. உங்கள் தரவில் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடைவெளி இரு வகையிலும் ஏறக்குறைய 1.0 மெகாபாஸ்கல். அதே இடைவெளியில் ஒரு மரம் நாளுக்கு இன்னொன்றைப் போலப் பாதி நீரைத்தான் இழுக்கிறது என்றால், அதன் மொத்த நீர்க்கடத்துதிறன் பாதி. இதைச் சொல்ல உங்களுக்குச் சாறோட்டம் வேண்டும், இரவல் ஊசிகளை வாங்கிவிடுங்கள்.

வடகிழக்கு ஸ்பெயினின் பிராதெஸ் மலைகளில் இதே இனத்தில், மெலிந்த மரத்தையும் மெலியாத மரத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. இலைப்பரப்பால் வகுத்துப் பார்த்தால், வசந்தத்தில் மெலிந்த மரங்களின் சாறோட்டம் அதிகமாகவே இருந்தது. வறட்சி முற்றியதும் அவற்றில்தான் அது செங்குத்தாக விழுந்தது. ஒரு கோடை நாளை மட்டும் அளந்திருந்தால் இந்த மாற்றம் தப்பியிருக்கும். ஆக, பருவம் முழுதும் ஓடும் தொடர் வேண்டும்.

இனி அளவீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதிலும் சந்தேகம் இருக்கிறது. பைனில் சேம்பர் வேலை கெடுவது பெரும்பாலும் பிசினால். அழுத்தம் ஏறும்போது பட்டையின் பிசின் குழல்களிலிருந்து முதலில் பிசின் கசியும். அதை நீர் என்று எண்ணி அளவைக் குறித்தால் மதிப்பு உண்மையைவிடக் குறைந்த அழுத்தமாக, அதாவது மரம் நலமாக இருப்பதுபோலப் பதிவாகும். வெட்டுமுனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பட்டையையும் ஃபுளோயத்தையும் உரித்துவிட்டு, கட்டைப் பகுதி மட்டும் முத்திரை வளையத்துக்கு வெளியே நிற்கும்படி பொருத்துங்கள். 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபடியே வினாடிக்கு 0.02 முதல் 0.03 மெகாபாஸ்கல் வேகத்தில் ஏற்றுங்கள், இறுதிப்புள்ளி நெருங்கும்போது இன்னும் மெதுவாக. பிசின் புள்ளிபுள்ளியாக வரும், ஒட்டும், உறிதாளால் ஒற்றினால் திரும்ப அதே இடத்தில் மட்டும் திரளும். நீர் வரும்போது வெட்டுமுகத்தின் கட்டை வளையத்தில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் நிறம் கருத்து ஈரமாகும். அதுதான் புள்ளி. வெட்டுமுனை கோணலாகிவிட்டது என்று மறுபடி ஒரு துண்டு நறுக்குவது கூடாது, நறுக்கினால் மதிப்பே மாறிவிடும்.

வெட்டிய கிளையை உடனே ஈரத்தாள் போட்ட காற்றுப்புகாப் பையில் இட்டு, இருட்டில், குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அளந்தால் பைன் பொறுத்துக்கொள்ளும். உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 0.01 மெகாபாஸ்கல் புவியீர்ப்புக்கே போய்விடும். ஒரு மரத்தில் 6 மீட்டரிலும் இன்னொன்றில் 14 மீட்டரிலும் வெட்டினால் 0.08 வித்தியாசம் சும்மாவே வரும், உங்கள் விடியல் வீச்சே 0.1தானே.

அடிக்கிளை என்பதும் சிக்கல்தான். நிழலில் இருக்கும் அடிக்கிளை நண்பகலில் அதிகம் ஆவியாக்காது, மேற்கிளையின் நிலையைச் சொல்லாது. கவிகையின் மேல் மூன்றில் ஒரு பங்கு, தெற்கு அல்லது தென்மேற்கு முகம், நடப்பாண்டுக்கு முந்தைய ஆண்டின் ஊசிகள். இதை எல்லா மரத்துக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற ஆள் இல்லையென்றால் கவணில் நூல் எறிந்து கிளை இழுப்பதும் நடக்கும், ஆனால் இழுத்து முறிந்த இடத்திலிருந்து தள்ளி, நல்ல கிளைத்துண்டை வெட்டி எடுக்க வேண்டும்.

எஃப்வி/எஃப்எம் பற்றி ஒரு வரி: வறட்சிக்கு அது கடைசியில்தான் அசையும். ஊசி சாகும் தறுவாயில் விழும், அதற்கு முன்னால் 0.8ஐச் சுற்றியே நிற்கும். குளிர்காலத்தில் எடுத்தால் நேர்மாறு. நலமான மரத்திலும் நன்றாக விழும், அது உறைபனிக்கான தற்காப்பு, வறட்சி இல்லை. எடுப்பதாக இருந்தால் ஊசிகளை இடைவெளியின்றிப் பக்கம்பக்கமாக அடுக்கி, கிளிப்பின் துளையை முழுக்க மூடி, 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வைத்து எடுங்கள். எனக்கென்றால் அந்தக் கருவியை அலமாரியில் வைத்துவிட்டு நேரத்தைச் சாறோட்டத்தில் போடுவேன்.

வளையம்:

சைலம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஒன்று சேர்க்கிறேன். ஒரு பருவத்தை அளந்து பத்து இருபது ஆண்டுகளாக நடந்த மெலிவை விளக்க முடியாது. அந்தக் காலம் மரத்துக்குள் ஆண்டு வளையங்களில் எழுதியிருக்கிறது, போரரும் உங்களிடம் இருக்கிறது.

மரத்துக்கு இரண்டு கோர், மார்பளவு உயரமான 1.3 மீட்டரில், சரிவில் நிற்கும் மரமென்றால் சரிவுக்குக் குறுக்காக இரு பக்கமும். ஊசியிலை மரங்கள் சரிவின் கீழ்ப்பக்கத்தில் அழுத்தக்கட்டை போடும். அந்தப் பக்கம் துளைத்தால் வளையம் அகலமாகத் தெரியும், வளர்ச்சி என்று ஏமாந்துபோவீர்கள். கோரைக் காகித உறிஞ்சுகுழலில் போட்டுக் காற்றில் உலர்த்துங்கள், பிளாஸ்டிக் குழலானால் பூஞ்சணம் பிடிக்கும். மரச்சட்டத்தில் ஒட்டும்போது நார்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் வளைய எல்லை தெரியாது. உப்புத்தாள் 120இல் தொடங்கி 220, 320, 400, கடைசியில் 600. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய தாளின் கீறல் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

எடுத்த நொடியில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கோரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஈரமான சாற்றுக்கட்டை (நீர் ஏறும் வெளிப்பகுதி) ஒளி கடத்தும், வைரக்கட்டை (நீர் கடத்தாத உட்பகுதி) மங்கலாக நிற்கும். எல்லையைப் பென்சிலால் குறித்து ஆழத்தை அளந்துவிடுங்கள். காய்ந்த பிறகு அந்த எல்லை கண்ணுக்கு எளிதில் அகப்படாது. சாறோட்டக் கணக்குக்கு அந்த எண் கண்டிப்பாகத் தேவைப்படும்.

பெரிய கண்ணி காணாமல் போன வளையம். அழுத்தத்தில் இருக்கும் பைன் மோசமான ஆண்டில் தண்டின் கீழ்ப்பகுதியில் வளையமே போடாமல் விட்டுவிடும், மேலே மட்டும் போடும். வெளிப்புற வளையத்திலிருந்து வெறுமனே எண்ணிக்கொண்டு போனால், இரண்டு வளையம் விடுபட்ட மெலிந்த மரத்தின் வறட்சி ஆண்டு இரண்டு ஆண்டு தள்ளிப் போய்விடும். மெலிந்த குழுவில்தான் இது அதிகம் நடக்கும், ஆகவே பிழை இரு குழுவிலும் சமமாகப் பரவாது. முதலில் அடர்ந்த மரங்களை வைத்துக் குறுக்குத் தேதியிட்டு (பல மரங்களின் வளைய வரிசைகளை ஒப்பிட்டு ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு குறித்து) ஒரு தலைமைத் தொடர் அமைத்து, அதோடு மெலிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். கோஃபெச்சா நிரல் அல்லது ஆர் நிரல்மொழியின் டிபிஎல்ஆர் தொகுப்பு உதவும், ஆனால் மென்பொருள் கொடியிட்ட இடத்தில் கோரை நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்காமல் வளையத்தைச் சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம்.

அகலத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது, மரம் பருக்கப் பருக்க அதே அளவு கட்டை மெல்லிய வளையமாகப் பரவும். அடிப்பரப்பு வளர்ச்சியாக மாற்றுங்கள்: அந்த ஆண்டின் ஆர வர்க்கத்திலிருந்து முந்தைய ஆண்டின் ஆர வர்க்கத்தைக் கழித்துப் பையால் (π) பெருக்கினால் போதும்.

2011க்குப் பிறகு எல்லோரும் தாங்குதிறன், மீள்திறன் என்று விகிதங்கள் போடுகிறார்கள்: வறட்சி ஆண்டின் வளர்ச்சியை முந்தைய சில ஆண்டுகளின் சராசரியால் வகுப்பது, பிந்தைய ஆண்டுகளை வறட்சி ஆண்டால் வகுப்பது என்று. பயனுள்ளதுதான், ஆனால் வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் தாங்குதிறன் தானாகவே உயர்ந்து தெரியும். ஏற்கெனவே வளர்ச்சி குன்றிக் கிடந்த மரம் வறட்சியில் விழ மிச்சம் எதுவும் இல்லாததால் "நன்றாகத் தாங்கியது" என்று வரும். மெலிந்த மரம்தான் தாங்குதிறன் மிக்கது என்று முடிவு எழுதிய ஆய்வேடுகள் இப்படித்தான் பிறக்கின்றன. முந்தைய வளர்ச்சியையும் புள்ளியியல் மாதிரியில் ஒரு மாறியாகச் சேர்த்துவிடுங்கள்.

கார்பன் ஐசோடோப்பு (இலைத்துளை எவ்வளவு மூடியது என்பதை வளையத்தில் காட்டும் கார்பன் விகிதம்) எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பணம் இருந்தால் பின்பருவக் கட்டையை (வளையத்தில் பருவ இறுதியில் உருவாகும் கருத்த பகுதியை) மட்டும் பிரித்து எடுங்கள். முன்பருவக் கட்டையில் முந்தைய ஆண்டுச் சேமிப்பும் கலந்திருக்கும். கவிகை மெலிந்தால் மிச்ச ஊசிகளுக்கு ஒளியும் நீரும் ஒருசேரக் கூடும் என்பதால் உங்கள் விஷயத்தில் பொருள் கொள்வது கடினம். முதல் தேர்வாக வைக்க வேண்டாம்.

பசுங்கவிகை:

இருவருக்கும் நன்றி. விடுபட்ட சில தகவல்கள்: விடியல் அளவுகள் நல்ல மழை பெய்த வாரத்தில் எடுத்தவை. மெலிந்த மரங்களில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஊசிகள்தான் இருக்கின்றன, அடர்ந்தவற்றில் மூன்று, சிலவற்றில் நான்கு. மூன்றாம் திட்டில் பழைய கழித்தல் வெட்டின் (நெருக்கம் குறைக்கச் சில மரங்களை வெட்டியதன்) அடிக்கட்டைகள் உண்டு, மெலிந்த மரங்கள் அவற்றைச் சுற்றியே கூட்டமாக நிற்கின்றன. இன்னொன்று: இந்த இனத்துக்கு நீர்க்கடத்தல் பாதியாகும் அழுத்தம் −3 பக்கம் என்று படிக்கிறேன். என் மரங்கள் −1.6ஐத் தாண்டவே இல்லை. அப்படியானால் நீர்க்குழாய் அடைப்பு (குழாயில் காற்று புகுந்து நீரோட்டம் அறுவது) என்ற பேச்சே இல்லை என்று எழுதலாமா?

வேர்மண்:

மூன்றாம் திட்டைப் படிச்சதும் கை அரிக்குது. அடிக்கட்டையைச் சுத்தி வட்டமா மெலிவு இருந்தா முதல்ல வறட்சியை நினைக்காதீங்க, வேரழுகலை நினைங்க. வறட்சி மண் ஆழத்தைப் பின்தொடரும்: பாறை மேல வர்ற இடம், முகடு, மணல் திட்டு. வேர் நோய் அடிக்கட்டையைப் பின்தொடரும், வருஷா வருஷம் வட்டம் பெருசாகும்.

மெலிஞ்ச மரத்தோட அடியில சருகை விலக்கி, வேர்க்கழுத்துல ஒரு சின்னப் பட்டைத் துண்டை உளியால தூக்கிப் பாருங்க. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வெள்ளையா விசிறி மாதிரிப் பூசண இழை படர்ந்து காளான் வாசனை அடிச்சா ஆர்மிலேரியாங்கற வேரழுகல் பூசணம். மண்ணுல கருப்பா, ஷூ லேஸ் தடிமனுக்கு இழைகள் ஓடினாலும் அதுதான். ஹெட்டிரோபேசிடியான்கிற இன்னொரு வேரழுகல் பூசணம்னா சருகுக்கு அடியில, தண்டும் மண்ணும் சேர்ற இடத்துல, மேல பழுப்பும் கீழ வெள்ளையுமா தட்டுக் காளான் ஒட்டியிருக்கும். கழித்தல் வெட்டின் புது அடிக்கட்டை வழியா வித்து இறங்கி, வேரோடு வேர் ஒட்டின இடத்துல பக்கத்து மரத்துக்குப் போகும். வெட்டின உடனே அடிக்கட்டையில யூரியாக் கரைசலோ ஃபிளெபியாப்சிஸ் பூசணமோ பூசுறதுக்குக் காரணமே இதுதான். ரெண்டும் இல்லைன்னா நல்லது, ஆனா பார்க்காம "வறட்சி"ன்னு எழுதாதீங்க. வேர் பாதி செத்த மரமும் வறட்சி மாதிரியேதான் தெரியும், நீர் இழுக்கிற வேலை நடக்கலையே.

ஊசி உதிர்றதுக்கும் வேற ஆளுங்க உண்டு. கீழ்க்கிளையிலருந்து மேல ஏறி, பழைய ஊசியில சிவப்புப் பட்டை பட்டையா விழுந்திருந்தா டோதிஸ்ட்ரோமா பூசணம். புதுத் தளிர் குட்டையா, பழுப்பாக் காய்ஞ்சு, ரெண்டாம் வருஷக் கூம்போட செதில்ல கருப்புப் புள்ளி இருந்தா டிப்ளோடியா பூசணம். இது வறட்சியோட கைகோத்துதான் வரும், அதனால காரணமா விளைவான்னு பிரிச்சு எழுதுறது கஷ்டம். தரையில பச்சைத் தளிர்நுனிகள் விழுந்து கிடந்தா ஒடிச்சுப் பாருங்க, நடுவுல துளை ஓடியிருந்தா டோமிகஸ் வண்டு தின்னது. அது மட்டுமே கவிகையை மெலிய வெச்சுடும். கவிகைக்குள்ள புல்லுருவி இருக்கான்னு குளிர்காலத்துல இருகண் நோக்கியில பாருங்க. பைன் இலைத்துளையை மூடினாலும் புல்லுருவி மூடாது, நீரை இழுத்துக்கிட்டே இருக்கும்.

இப்படி ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு அட்டை போட்டு "உண்டு, இல்லை"ன்னு குறிங்க. முப்பது மரம்தானே. அதுக்கப்புறம் ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்துலயும் இரும்புக் கம்பியை அடிச்சு மண் ஆழம் எடுங்க. தண்டுலருந்து ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர், மூணு மீட்டர் தள்ளி நாலு திசையிலயும். ஒரு கல்லுல முட்டினதை ஆழம்னு எழுதிடக் கூடாதுங்கறதுக்குத்தான் பன்னெண்டு குத்து. மெலிவோட நல்லா ஒத்துப்போகக்கூடிய எண் இதுதான்னு என் பந்தயம். செலவும் இல்லை.

விடியல் அளவு சமமா வந்ததுக்கும் காரணம் சொல்றேன். மழைக்கு அப்புறம் எல்லா மரமும் சமம்தான். மழை இல்லாட்டியும், விடியல் மதிப்பு வேர்மண்டலத்துல ஈரம் அதிகமா இருக்கிற அடுக்கோட சமநிலைக்குப் போகும். ஆழத்துல ரெண்டே வேர் இருந்தாலும் ராத்திரி முழுக்க நேரம் இருக்கறதால அந்த ஈரத்துக்கு வந்து நின்னுடும். பகல்ல ஓட்டம் கேட்கும்போதுதான் ரெண்டு வேர் போதாதுன்னு தெரியும். அதனால மழை இல்லாம மூணு வாரம் போன பிறகு ஒரு அளவு, மழைக்கு மறுவாரம் ஒரு அளவுன்னு ஜோடியா எடுங்க. கூடவே 10, 30, 60 சென்டிமீட்டர் ஆழத்துல மண் ஈரம். கிடைக்கக்கூடிய ஈரம் முழுக்கொள்ளளவுல 40 சதவீதத்துக்குக் கீழ இறங்கினாத்தான் மரம் ஆவியாக்குறதைக் கட்டுப்படுத்த ஆரம்பிக்கும்னு கிரானியர் குழுவோட மண்நீர்க் கணக்கு வெச்சிருக்கு. உங்க அளவு நாட்கள் அந்தக் கோட்டுக்கு மேலயா கீழயான்னு தெரியாம வறட்சி பத்திப் பேசவே முடியாது.

நுண்குழல்:

அடைப்பு பற்றிய கேள்விக்கு: இல்லை, அப்படி எழுத முடியாது.

−1.6 என்பது மழைவாரத்தின் நண்பகல். அடைப்பு எல்லை வரையான பாதுகாப்பு இடைவெளியைக் கணக்கிடப் பருவத்தின் மிகத் தாழ்ந்த மதிப்பு வேண்டும். இலைத்துளைகள் மூடிய பிறகும் ஊசியின் மேல்தோல் வழியாகவும் சரியாக மூடாத துளைகள் வழியாகவும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். மண் தராவிட்டால் வாரக்கணக்கில் மதிப்பு மெல்ல இறங்கும். வெப்பம் ஏறினால் கசிவும் ஏறும். அடுத்தது, −3 என்பது கிளைக்கான எண். வேர்கள் பொதுவாகக் கிளைகளைவிட முன்னதாகவே அடைபடும். கிளை பத்திரமாக இருக்க, வேர் இழந்திருக்கலாம்.

பாதி இழப்பு என்றால் சாவு என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. 2009இல் வந்த ஒரு ஆய்வு ஊசியிலை மரங்களுக்கு 50 சதவீத இழப்பையே மீளமுடியாத எல்லையாகக் கண்டது, அதன்பின் அந்த எண் எங்கும் ஒட்டிக்கொண்டது. 2019இல் லோப்லாலி பைனில் நேரடியாகக் காய்ச்சி மறுபடி நீரூற்றிப் பார்த்தபோது 80 சதவீதம் வரை இழந்தால்தான் பாதி மரங்கள் செத்தன. எந்த எல்லையை எடுக்கிறீர்கள், ஏன் என்பதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

கிளையில் அடைப்பை அளக்கப் போகிறீர்கள் என்றால் ஊசியிலை மரத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. டிரக்கீடுகளுக்கு (நீர் கடத்தும் நுண்குழல் செல்களுக்கு) நடுவே உள்ள குழிகளில் டோரஸ் என்ற வில்லை தொங்குகிறது. அழுத்த வேறுபாடு கூடினால் அது ஒரு பக்கம் ஒட்டிக் குழியை அடைத்துவிடும். அகலிலை மரங்களுக்குச் செய்வதுபோல 0.1 மெகாபாஸ்கலில் நீரை அடித்து அடைப்பைக் கழுவி "உச்சக் கடத்துதிறன்" எடுத்தால், கழுவுகிற செயலே குழிகளை மூடி உச்ச மதிப்பைக் குறைத்துவிடும். இழப்பு சதவீதம் எதிர்மறையாகக்கூட வரும். வெற்றிடத்தில், நீருக்கடியில் வைத்து இரவு முழுதும் ஊறவிடுவதுதான் வழி. அளக்கும்போது நீர்மட்ட உயரம் 40 முதல் 50 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது 4 முதல் 5 கிலோபாஸ்கல். கரைசல் 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காற்று நீக்கியது. முனைகளின் பட்டையை உரித்து, புது சவரக் கத்தியால் நீருக்கடியிலேயே மெல்லிய சீவல் எடுங்கள். பிசின் படிந்தால் ஓட்டம் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே வரும். அப்படி வந்தால் அந்த அளவைச் சேர்க்காமல் மறுபடி சீவுங்கள். ஒரு ஆறுதலும் உண்டு: டிரக்கீடுகள் சில மில்லிமீட்டர் நீளம்தான் என்பதால், நீண்ட குழல் கொண்ட ஓக் போன்றவற்றில் வெட்டும்போதே காற்று புகுந்து கணக்கைக் கெடுக்கும் தொல்லை இங்கே கிடையாது.

மாச்சத்துச் சேமிப்பும் அளக்கலாம், இலைத்துளை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் அது கரையும். ஆனால் வெட்டிய சில மணி நேரத்துக்குள் மைக்ரோவேவில் சூடாக்கி நொதிகளை நிறுத்தாவிட்டால் பையிலேயே சர்க்கரை சுவாசத்தில் தீர்ந்துபோகும். 2015இல் ஒரே பொடியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டபோது எண்கள் பெருமளவு முரண்பட்டன. ஆகவே எல்லா மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் செய்யுங்கள். பிறர் கட்டுரையின் சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பத்தி எழுத வேண்டாம்.

எண்கணக்கு:

ஒரு சிறு குறுக்கீடு. முப்பது மரம் இருந்தாலும் திட்டு மூன்றுதான். மண், நோய், வெட்டு வரலாறு எல்லாம் திட்டு மட்டத்தில் மாறுகின்றன. மெலிந்தது, அடர்ந்தது என்ற ஒப்பீடு திட்டுக்குள்ளேயே நடப்பதால் தப்பித்தீர்கள், ஆனால் முப்பதையும் தனித்தனி மாதிரியாகப் போட்டு டி-சோதனை செய்யாதீர்கள். கலப்பு மாதிரியில் (ஒரே திட்டின், ஒரே மரத்தின் அளவுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) திட்டையும் மரத்தையும் சமவாய்ப்பு விளைவாக வையுங்கள். அதைவிட நல்லது, திட்டுக்குள் ஒத்த விட்டமுள்ள மெலிந்த மரத்தையும் அடர்ந்த மரத்தையும் ஜோடி சேர்த்து, ஜோடிக்குள் வித்தியாசத்தை ஆராய்வது.

இன்னொன்று. "மெலிந்தது" என்று வகைப்படுத்தியவரே அளக்கவும் செய்தால் கை சாயும். ஐசிபி காடுகள் (ஐரோப்பியக் காட்டுநலக் கண்காணிப்புத் திட்டம்) முறைப்படி ஊசி இழப்பை 5 சதவீதப் படிகளில், இரண்டு பேர் தனித்தனியாக, மரத்தின் உயரம் அளவு தூரத்தில் நின்று மதிப்பிடுங்கள். பிறகு அதை இரு வகையாக வெட்டாமல் தொடர் எண்ணாகவே மாதிரியில் போடுங்கள். அந்த முறையில் 25 சதவீதத்துக்கு மேல்தான் "சேதம்" என்பது வழக்கம். 20க்கும் 30க்கும் நடுவில் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதும் வழக்கம்.

சைலம்:

வேர்மண் சொன்னதைக் கேட்டு, மூன்றாம் திட்டை வறட்சிப் பகுப்பாய்விலிருந்து இப்போதைக்கு ஒதுக்குங்கள். வேர்க்கழுத்தைப் பார்த்து நோய் இல்லை என்று உறுதியானால் திரும்பச் சேர்க்கலாம். ஒதுக்கினால் திட்டு இரண்டாகிவிடும். ஆகவே அடிக்கட்டை இல்லாத இடத்தில் புதிதாக இரண்டு திட்டாவது அமைத்துவிடுங்கள், கோர், ஊசியிலை, மண் ஆழம் மூன்றுக்கும் கருவி எதுவும் கூடுதலாகத் தேவையில்லை.

ஊசி ஆண்டுகள் எண்ணினீர்களே, உங்கள் தரவில் இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். அதோடு தளிர் நீளத்தையும் ஊசி நீளத்தையும் சேர்த்துவிடுங்கள். இந்த இனத்தில் இந்த ஆண்டுத் தளிரின் நீளம் போன கோடையில் மொட்டு உருவானபோதே பெரும்பாலும் முடிவாகிவிடும், ஊசியின் நீளம் இந்த ஆண்டின் நீரைப் பொறுத்தது. ஒரே கிளையில் பின்னோக்கி மொட்டுத் தழும்புகளை எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாறு ஆண்டுத் தளிர் நீளங்கள் ஓராண்டுத் தாமதத்தோடு கிடைக்கும், அடிமட்டக்கோலே போதும். சுவிட்சர்லாந்தின் ஃபின்வால்டில் 2003 முதல் ஸ்காட்ஸ் பைன் காட்டுக்குக் கோடைதோறும் நீர் பாய்ச்சி, ஆண்டு மழையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிப் பார்த்துவருகிறார்கள். அங்கே தளிர், ஊசி, கவிகை அடர்த்தி மூன்றும் நீருக்குப் பதில் சொல்லின. 2013க்குப் பிறகு ஒரு பகுதியில் பாய்ச்சுவதை நிறுத்தியும் அந்த நன்மை உடனே மறையவில்லை. கவிகை பழைய நீரின் கணக்கையும் சுமக்கிறது என்பதால், இந்த ஆண்டு மழையை மட்டும் வைத்து விளக்கப் பார்க்காதீர்கள்.

எட்டு ஜோடி சாறோட்ட ஊசியை எல்லாத் திட்டிலும் சிதறவிட வேண்டாம். ஒரே திட்டில் நான்கு ஜோடி மரம், நான்கு மெலிந்தது, நான்கு அடர்ந்தது. தண்டின் வடக்கு முகத்தில், புறப்பட்டையை மட்டும் செதுக்கி, சூடாக்கும் ஊசியை மேலேயும் ஒப்பீட்டு ஊசியை 10 சென்டிமீட்டர் கீழேயும், வெப்பப் பசை தடவிய அலுமினியக் குழலுக்குள் இறக்குங்கள். 0.2 வாட் மாறாமல் போகிறதா என்று வாரம் ஒருமுறை மின்னோட்டத்தைப் பாருங்கள், பேட்டரி சோர்ந்தால் இரு ஊசிகளுக்கிடையே வெப்ப வேறுபாடு குறையும், அது சாறோட்டம் கூடியதுபோலவே தெரியும். வெயில் நேரடியாகப் படாமல் ஒளிதெறிக்கும் தகடு சுற்றுங்கள்.

கணக்கில் பெரிய பிழை சுழிய ஓட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் வரும். ஒவ்வொரு இரவின் உச்ச வெப்ப வேறுபாட்டையும் சுழியம் என்று எடுத்தால், காற்று வறண்ட இரவில் ஓடிய சாறு கணக்கில் விழாது. நீராவி அழுத்தக் குறைவு (காற்றின் வறட்சி அளவு) பல மணி நேரம் 0.1 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்த இரவுகளை மட்டும் எடுத்து, இடைப்பட்ட நாட்களுக்கு நேர்கோட்டில் நிரப்புங்கள். பிறகு கே என்பது உச்ச வேறுபாட்டிலிருந்து அந்த நேரத்து வேறுபாட்டைக் கழித்து, அந்த நேரத்து வேறுபாட்டாலேயே வகுத்தது. கேயின் 1.231ஆம் அடுக்கை 0.0119ஆல் பெருக்கினால் வினாடிக்குச் சென்டிமீட்டரில் ஓட்ட அடர்த்தி. இந்தக் கெழுக்கள் எல்லா இனத்துக்கும் பொருந்தாது, பொதுவாகக் குறைத்தே காட்டும். ஒரே இனத்தின் இரு குழுவை ஒப்பிடுவதற்கு ஓரளவு தாங்கும், "நாளுக்கு இத்தனை லிட்டர்" என்று எழுதுவதற்குத் தாங்காது.

மெலிந்த மரத்தின் சாற்றுக்கட்டை ஊசியின் நீளமான 20 மில்லிமீட்டரைவிட மெல்லியதாக இருந்தால் ஊசியின் நுனி வைரக்கட்டைக்குள் போய்விடும். அங்கே ஓட்டம் இல்லாததால் சராசரி இழுபட்டு, மெலிந்த குழுவில் மட்டும் ஓட்டம் குறைவாக வரும். நீங்கள் தேடும் முடிவு அப்படியே பொய்யாகக் கிடைத்துவிடும். வளையம் சொன்ன சாற்றுக்கட்டை ஆழத்தை ஊசி இறக்குவதற்கு முன்பே, தண்டின் மறுபக்கத்தில் கோர் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மெல்லியதாக இருந்தால் 10 மில்லிமீட்டர் ஊசி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வைரக்கட்டைக்குள் போன பங்கைக் கழிக்கும் 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சமன்பாட்டைப் போட்டு, எந்தெந்த மரத்துக்குப் போட்டீர்கள் என்பதை அட்டவணையில் காட்டிவிடுங்கள்.

பசுங்கவிகை:

புரிந்தது. மண் ஆழமும் வேர்க்கழுத்துச் சோதனையும் இந்த வாரமே தொடங்குகிறேன், கோர் எடுத்த பிறகு சாறோட்ட ஊசிகள். ஒரே ஒரு சந்தேகம்: சாறோட்டம் வைத்த மரத்திலேயே கோர் எடுத்தால் அந்தக் காயம் ஓட்டத்தைக் கெடுக்காதா?

வளையம்:

5 மில்லிமீட்டர் கோர் எடுத்த துளை, 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டில் பெரிய விஷயமில்லை. ஊசி இருக்கும் செங்குத்துக் கோட்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ மட்டும் துளைக்காதீர்கள், தண்டின் மறுபக்கம் போங்கள். முதல் கோர் ஊசி இறக்கும் முன், இரண்டாவது கோர் பருவம் முடிந்து ஊசிகளைக் கழற்றிய பிறகு. துளையை அடைக்க வேண்டாம், பைன் தானே பிசினால் மூடிக்கொள்ளும். போரரை மரத்துக்குள் விட்டுவிட்டுக் குறிப்பெழுதப் போகாதீர்கள். சில நிமிடம் நின்றாலே கட்டை இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மரத்துக்கும் முன் தேன்மெழுகைத் திருகுமுனையில் தடவுங்கள், மூன்றாம் திட்டில் துளைத்தால் அடுத்த திட்டுக்குப் போகும் முன் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.